ரெண்டு தட்டு, நாலு தட்டு

ஏட்டி கோதை, நாலு சக்கரத்தையும் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டு என்னை நன்றாக ஏய்த்துவிட்டுப் போனவளே,

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம். ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம்டி! கேட்ட நாளிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. சோற்றில் கை வைத்தால் அதே நினைப்பு, பஸ்ஸில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

முதலிலிருந்து வருகிறேன். நீ காய்ச்சல் என்று படுத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டி, சரிப்படாமல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது நீ பேசவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் ஸ்கேட்டிங் பழகிய ரேம்ப் பக்கமே நான் போகவில்லை. இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கிற காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிக் கம்பெனியின் பின்பக்கக் குடோனில்தானே அது இருக்கிறது. பேக்கிங் செக்‌ஷன் ஜன்னலைத் திறந்தால் அந்தத் தகரக் கூரை தெரியும் என்று ஜன்னலையே சாத்திவைத்தேன். புழுக்கத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தேன்.

முதலாளி மகன் ஆசைப்பட்டுக் கட்டி, வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது போட்டுவிட்டுப் போன ரேம்ப் அது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, நடுவில் குழிந்து, மேலே பிளைவுட் போர்த்தி, உச்சி விளிம்பில் இரும்புக் குழாய் வைத்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்கேட்டிங் என்று அலைந்த நம் இரண்டு பேருக்கும் அதைப் பார்த்ததும் கண் எப்படி விரிந்தது! “விழுந்தா என்கிட்ட வந்து நிக்கக் கூடாது” என்று முதலாளி ஒரே பேச்சில் சாவியைக் கொடுத்தார். நான் ஷிப்ட் முடிந்து வருவேன், நீ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு வருவாய். டியூஷன் எடுக்கப் போவதாக உன் வீட்டில் சொல்லிவைத்திருந்தாய்.

நீ இன்லைன், நான் குவாட். உன்னுடையதில் நாலு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கும். என்னுடையதில் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, நுனியில் ஊன்றி நிற்க ஒரு ரப்பர் கட்டை. அந்தக் கட்டைக்கு ‘மூக்கு’ என்று நீதான் பெயர் வைத்தாய். என் ஸ்கேட்ஸுக்கே ‘மாட்டுவண்டி’ என்று பெயர்.

“மாட்டுவண்டியெல்லாம் ரேம்ப்ல ஏறப்டாது, பேச்சி” என்பாய். நான் விடுவேனா? “ஒத்தக் கோட்டுல ஊருறதுக்கு நீ என்ன எறும்பாட்டி?” என்பேன். நமக்குள் வேறு சண்டையே கிடையாது, இது ஒன்றுதான், இது ஓயவும் இல்லை. ஒரு நாளாவது மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்று நான் கேட்டபோதெல்லாம், “செத்தாலும் அந்த மாட்டுவண்டியைக் கால்ல மாட்ட மாட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டாய். சொன்னாயா இல்லையா? இதை மறந்துவிடாதே, கீழே வருகிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணாச்சி பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்தார். “ஏத்தா பேச்சி, ஒன்னயப் பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மாமி வந்திருக்காவ” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அம்மாவா? இங்கேயா? யாரோ ரேம்ப் விஷயத்தை வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள், மண்ணை வாரித் தூற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலுக்கு ஓடினேன்.

உன் அம்மா கையில் ஒரு பெரிய துணிப்பையோடு நின்றார். பாதியாய் இளைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி தன் கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்தார். தோள் துண்டால் துடைத்து, குடோனின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே போட்டார்.

“உக்காருங்க மாமி. உங்க எடம் அப்படியேதான் இருக்கு.”

உங்கள் இடமா? நான் அண்ணாச்சியைப் பார்க்கிறேன், உன் அம்மாவைப் பார்க்கிறேன். உன் அம்மா எந்தக் கூச்சமும் இல்லாமல் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். வெள்ளைச் சுவரில் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. நாம் எத்தனை முறை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போயிருப்போம்? என்றைக்காவது அந்தக் கறையைப் பார்த்தோமா?

“மாமி, என்ன நடக்கு இங்க? நீங்க எப்ப வந்திய இதுக்கு முன்னால?”

“நிறைய தரம் வந்திருக்கேன்டி” என்றார், ஏதோ மார்க்கெட்டுக்கு வந்த மாதிரி. “ஒரு நாள் முழங்கால்ல சிராய்ப்போட ஆத்துக்கு வந்தா. டியூஷன் எடுக்கறவளுக்கு முழங்கால் எப்படிச் சிராய்க்கும்? எவனோ ஒரு பையனோட பைக்குல சுத்தறா, விழுந்துட்டான்னு நெனச்சேன். கையும் களவுமா பிடிக்கணும்னு மறுநாள் அவ பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு பஸ் ஏறிப் பின்னாடியே வந்துட்டேன்.”

“வந்து?”

“இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். உச்சில நின்னுண்டிருந்தா. அப்படியே முன்னால சாஞ்சா. பெருமாளேன்னு கண்ணை மூடினவதான்.”

அதற்குப் பிறகு உன் அம்மா அந்தக் கண்ணைத் திறக்கவே இல்லையாம், கோதை. பார்க்கத் தைரியம் வரவில்லையாம். வீட்டில் உட்காரவும் முடியவில்லையாம். விழுந்தாளா, எழுந்தாளா என்று சத்தத்திலாவது தெரியட்டும் என்று வந்து, இந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, நாம் முடித்து வெளியே வருவதற்கு முன்னால் பஸ் ஏறிவிடுவாராம். உன் அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாராம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார வந்தவருக்குக் கிடைத்த பொய்யைப் பார்த்தாயா! ஒரே வீட்டில் இரண்டு புளுகுமூட்டைகள், ஒரே ரூட் பஸ்ஸில்.

“ஏன் மாமி ஒரு வார்த்தை கேக்கல அவகிட்ட?”

“கேட்டா நிறுத்துன்னு சொல்லணுமே. சொன்னா நிறுத்திடுவா. அப்புறம் அவ மூஞ்சியை நான் எப்படிடி பார்க்கறது?”

நான் அண்ணாச்சியைப் பிடித்து ஏசினேன். “ஒரு வார்த்தை சொன்னியளா அண்ணாச்சி? தெனமும் என்கிட்ட டீ வாங்கிக் குடிச்சியளே!” அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “மாமி சொல்லாதன்னாவ. அந்தப் பிள்ள ஒண்ணு சொல்லாதன்னுச்சு. நான் யார்கிட்டன்னு சொல்ல?” என்றார். அந்தப் பிள்ளை எதைச் சொல்லாதே என்றாள்? எனக்குப் புரியவில்லை. உன் அம்மாதான் அந்த வெடியைக் கொளுத்திப் போட்டார்.

“உன்னோட ரோலருக்கும் அவளோடதுக்கும் சத்தம் வேறடி. நடுவுல பலகை சேர்ற எடத்துல, உன்னோடது ரெண்டு தட்டு தட்டும். டக், டக். அவளோடது நாலு தட்டு, புளியங்கொட்டை கொட்டற மாதிரி கடகடன்னு போயிடும். நான் கண்ணை மூடிண்டே சொல்லிடுவேன், இது பேச்சி, இது கோதைன்னு. அப்புறம் ஒரு நாள் வரேன், ரெண்டு தட்டு கேக்கறது. ஆனா பின்னாடியே தொம்முனு ஒரு சத்தம். ‘அய்யோ அம்மா’ன்னு கத்தறது என் பொண்ணு!”

“எப்ப மாமி?” என்றேன்.

“உனக்கு ரெண்டாவது ஷிப்ட் வர்ற வாரம் பூரா அதான். ரெண்டு தட்டு, தொம். ரெண்டு தட்டு, தொம். கடைசியில தொம் குறைஞ்சுடுத்து.”

அடி பாவி! செத்தாலும் மாட்ட மாட்டேன் என்றவளா? நான் குடோனுக்குள் ஓடினேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கதவைத் திறந்தேன், திறக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். அலமாரியின் அடித்தட்டில் நான் புதுசு வாங்கியபின் தொடாமல் விட்ட என் பழைய குவாட் ஜோடி கிடந்தது. குதிகால் பக்கம் தோல் முழுவதும் தேய்ந்து வெளுத்திருந்தது. நான் குப்புற விழுகிறவள், எனக்கு நுனிதான் தேயும். உன்னைப் போலக் குதிகாலில் சாய்கிற இன்லைன்காரிதான் குவாட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து விழுவாள். லேஸ் கணுக்காலை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுகிற உன் வழக்கப்படி மடிந்திருந்தது. நான் தேய்த்த பக்கம் போக, மூக்கின் மறுபக்கமும் தேய்ந்திருந்தது, கோதை. நீ மூக்கில் ஊன்றி நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

என் பின்னாலேயே வந்த அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “பேச்சிகிட்ட வாயத் தொறக்காதீங்க அண்ணாச்சி, ஒரு நாள் அவ முன்னாடி மாட்டுவண்டில இறங்கிக் காட்டுவேன், அவ ஆடிப்போயிடணும்னு சொல்லிச்சு.” அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

திரும்பி வெளியே வந்தபோது உன் அம்மா மடியில் உன் இன்லைன் ஜோடி இருந்தது. உன் துணிமணியையெல்லாம் எடுத்துக் கொடுத்த அன்றைக்கு, இதை மட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாராம். தேர் முடிந்ததும் பெங்களூருக்கு உன் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறார்களாம்.

“அப்புறம் நான் எங்க வந்து இந்தச் செவுத்துல சாயறது? போறதுக்குள்ள ஒரே ஒரு தரம், அவ எப்படி இறங்குவான்னு எனக்குப் பார்க்கணும், பேச்சி. பெத்தவ நான் பார்க்கவே இல்லை.”

போனில் உன் வீடியோ இருக்கிறது, காட்டட்டுமா என்றேன். தலையை ஆட்டினார். “அதுல விரல் அளவு இருக்கா. சத்தமும் தகரத்துல கொட்டற மாதிரி இருக்கு. நீ இறங்கு. ஆனா உன் மாட்டுவண்டில வேண்டாம், இதைப் போட்டுண்டு இறங்கு.” மாட்டுவண்டி! உன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லும் சுவரைத் தாண்டி அவருக்குப் போயிருக்கிறது.

நான் எப்படி முடியாது என்று சொல்வேன்? சரி என்றேன். உன் பாதமும் என் பாதமும் ஒரே அளவு என்று நமக்குத் தெரியும், எத்தனை முறை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறோம். மம்சாபுரத்தில் எங்கம்மாவிடம் சொன்னதும் அவள் குதித்த குதி இருக்கிறதே! “ஏட்டி, போய்ச் சேந்தவ செருப்பையா கால்ல மாட்டப் போற? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றாள். செருப்பு இல்லை, ஸ்கேட்ஸ் என்றேன். விளக்குமாற்றைத் தேடினாள்.

கோதை, எப்படிடி இதில் நின்றாய்? முதல் நாள் சமதரையிலேயே கணுக்கால் உள்பக்கம் மடிந்தது. என் குவாட்டில் முக்காலியில் நிற்கிற மாதிரி சும்மா நின்று ஊர்க்கதை பேசலாம். இதில் சும்மா நிற்கவே முடியவில்லை, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உருட்டிவிட்டால் போதும், என்ன போக்குடி அது! ஒரு தள்ளுத் தள்ளினால் குடோனின் அந்தக் கோடிவரை நிற்காமல் போகிறது. இதை நீ என்னிடம் சரியாகச் சொல்லவே இல்லை. சண்டை போடுகிற மும்முரத்தில் நல்லதைச் சொல்ல விட்டுப்போயிற்றோ?

ரேம்ப்பின் நடுவில் முதல்முறை உருண்டபோது அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “நீயா தாயி? கோதைப் பிள்ள சத்தம்லா கேட்டுச்சு” என்றார். என் காலுக்கடியில் நாலு தட்டு கேட்டால் எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?

உச்சியிலிருந்து இறங்குவதுதான் பெரிய பாடாகிவிட்டது. குவாட் என்றால் இரும்புக் குழாயை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆற அமர நிற்பேன். உன்னுடையதில் மாட்டுவதற்கு எதுவும் இல்லை. விளிம்பில் நின்றால் நின்றதுதான். “முன்னால சாயுடி பேச்சி, பின்னால சாஞ்சாதான் விழுவே, மிச்சத்தைப் பெருமாள் பார்த்துப்பார்” என்று நீ பாடம் நடத்துவதுபோலச் சொல்வாயே, அதைச் சொல்லிச் சொல்லித்தான் சாய்ந்தேன். இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் ஏறினேன். உச்சியில் நிற்கிற மேடையில் கால் வைத்ததும் பழக்கம் விடுமா? கட்டைவிரல் பக்கம் ஊன்றினேன். அங்கே மூக்கு இல்லை! உருளைச் சக்கரம் வழுக்கி, முழங்காலில் சறுக்கிக் கீழே வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இதே கதை. மனசுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

தேருக்கு முந்தின வாரம் உன் அம்மா வந்தார். ஊரெல்லாம் பந்தக்கால், வடம், கூட்டம் என்று கிடக்கிற நேரத்தில், உன் அப்பாவிடம் மறுபடியும் அதே கண் டாக்டர். இந்த முறை நாற்காலியை அண்ணாச்சி குடோனுக்குள்ளேயே போட்டார். நான் ஹெல்மெட்டை மாட்டி உச்சியில் ஏறிப் பார்க்கிறேன், உன் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பழக்கம்!

“மாமி, திரும்புங்க.”

திரும்பினார். கண் மூடியிருந்தது. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாமி, கண்ணைத் தொறங்க. இது உங்களுக்காக இறங்குறது. நீங்க பாக்கலன்னா நான் இறங்க மாட்டேன்.”

“விழுந்துடுவியாடி?”

“விழுவேன்” என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? “ஆனா எந்திரிச்சிருவேன்.”

மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணை நான் எப்படிச் சொல்வேன்? உன் கண்தான் அது. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை, முன்னால் சாய்ந்தேன்.

நடுப்பலகையில் நாலு தட்டு கடகடவென்று போனது. எதிர்ப்பக்கம் ஏறினேன், காற்று காதில் அடித்தது, மேடை வந்தது. சத்தியமாக அந்தக் கணம் எல்லாம் சரியாக இருந்தது, நீயே இறங்கியது போல இருந்தது. அப்புறம் என் கால் போய் மூக்கைத் தேடிற்று. தொம்! குப்புறச் சறுக்கி ரேம்ப்பின் அடியில் வந்து கிடந்தேன். போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு, இனி மாமி ஜென்மத்துக்கும் கண்ணைத் திறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது. உன் அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரேம்ப்பின் குழிவில் என் தலைமாட்டில் நின்றார். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

“இவ்ளோதானா?” என்றார்.

“என்ன மாமி?”

“இவ்ளோதானாடி? சர்னு இறங்கி, சர்னு ஏறி, இவ்ளோ அழகாவா இருக்கும் இது? இதுக்கா நான் கண்ணை மூடிண்டு செவுத்துல சாஞ்சுண்டிருந்தேன்?”

அதற்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. பிளைவுட்டிலேயே உட்கார்ந்து, என் தலையை ஹெல்மெட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். நீ போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை, நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியும். நானும் அழுதேன். கதவோரம் அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எத்தனை சாயங்காலம் கோதை, எத்தனை சாயங்காலம் நீ இறங்கியிருப்பாய், ஒரு சுவர் தள்ளி உன் அம்மா இருந்தாரே. அவர் திரும்பிப் பார்த்திருந்தால் போதுமே. நாமும் வெளியே எட்டிப் பார்த்திருந்தால் போதுமே.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு உன் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “அவ உக்காந்து விழுவா. நீ குப்புற விழறே. எழுந்திரு, இன்னொரு தரம் இறங்கு.” ஏறினேன். இறங்கினேன். மறுபடி, மறுபடி. இருட்டி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அண்ணாச்சி வந்து சொல்லும்வரை உன் அம்மா கண்ணை இமைக்கவில்லை. கடைசியாக ஒரு முறை மூக்கைத் தேடாமல் மேடையில் நின்றேன். உன் அம்மா கை தட்டினார்.

நேற்று அவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். ரயிலடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அண்ணன் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் சிமெண்டில் ஒரு ரேம்ப் இருப்பதாகவும், ஏற்கெனவே விசாரித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். “ரெண்டு ஜோடியும் எடுத்துண்டு வா” என்றார். இரண்டும் எதற்கு மாமி என்றேன். “அவ உனக்குக் காட்டணும்னு நெனச்சது ரெண்டு தட்டுலதானே? அதையும் நான் இன்னும் பார்க்கலையே.”

போகிறேன், கோதை. இரண்டு ஜோடியையும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். உன் அம்மா முன்னால் முதலில் உன் நாலு தட்டில் இறங்குவேன். பிறகு நீ தேய்த்து வைத்த அந்தப் பழைய மாட்டுவண்டியைப் போட்டுக்கொண்டு, நீ எனக்குக் காட்டாமல் போன இறக்கத்தையும் இறங்கிக் காட்டுவேன். உன்னைப் போலவே பின்பக்கமாக உட்கார்ந்து ஒரு தரம் விழுந்தும் காட்டுவேன், அவருக்கு அந்தச் சத்தம் பழக்கம். இது சத்தியம்.

நான் ஆடிப்போக வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாய்? ஆடிப்போய்விட்டேன்டி. போதுமா?

உன் அம்மா வயிற்றில் பிறக்காமலே உன் உடன்பிறப்பாகிப் போன
மாட்டுவண்டிப் பேச்சி